ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டபின் ரெய்டு எழும்பவில்லை என்றால்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். லினக்ஸ் மெஷின் ஒன்று. ஓஎஸ் தனியாக ஒரு எஸ்எஸ்டியில், டேட்டா முழுக்க 4 டிபி டிஸ்க்குகள் நான்கில், சாஃப்ட்வேர் ரெய்டு 5ஆக (பல டிஸ்க்குகளை லினக்ஸே ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து டேட்டா கிடைக்கும்படி வைக்கும் ஏற்பாடு). எஸ்எஸ்டி செத்து மெஷின் உறைந்துபோக, பவரைப் பிடுங்கி அணைத்தீர்கள். புது எஸ்எஸ்டியில் லினக்ஸை முதலிலிருந்து நிறுவினீர்கள். இப்போது எம்டி0 என்று இருந்த ரெய்டைக் காணோம். எம்டி127 என்று ஏதோ ஒன்று, அதுவும் 'இன்ஆக்டிவ்' என்று நிற்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கின் பக்கத்திலும் (எஸ்) என்று போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "பழைய செட்டிங் எல்லாம் பழைய ஓஎஸ்ஸோடு போயிற்று, எம்டிஆட்ம் கிரியேட் கொடுத்து மறுபடி உருவாக்கிவிடு, டேட்டா அப்படியே இருக்கும்" என்கிறார். எம்டிஆட்ம் (mdadm) என்பது லினக்ஸில் ரெய்டை உருவாக்கி நடத்தும் கட்டளை. அவர் சொல்வதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யாதீர்கள். அவர் சொன்னதில் முதல் பாதியே தவறு. ரெய்டின் விவரம் பழைய ஓஎஸ்ஸில் இல்லை, அந்த நான்கு டிஸ்க்குகளின் மேலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. இது எந்த ரெய்டைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது இடம், எந்த லெவல் (ரெய்டு 5 என்பதில் வரும் 5), சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவைக்கு எழுதும் துண்டு) எவ்வளவு, டேட்டா எந்த செக்டரில் (டிஸ்க்கின் 512 பைட் துண்டு) தொடங்குகிறது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். பழைய ஓஎஸ்ஸில் இருந்த எம்டிஆட்ம் கான்ஃபிக் ஃபைல் வெறும் பெயர்ப்பலகை. அது தொலைந்ததால் வீட்டுக்குப் பெயர் மாறியிருக்கிறது, வீடு இடியவில்லை.

எம்டி127 என்ற விநோதப் பெயருக்கும் காரணம் அதுதான். சூப்பர்பிளாக்கில் ரெய்டை உருவாக்கிய மெஷினின் ஹோஸ்ட் பெயரும் பதிந்திருக்கும். புது ஓஎஸ்ஸில் வேறு ஹோஸ்ட் பெயர் வைத்திருப்பீர்கள், கான்ஃபிக் ஃபைலிலும் இந்த ரெய்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் எம்டிஆட்ம் இதை 'வெளியூர்' ரெய்டு என்று எடுத்துக்கொண்டு 127இலிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கிறது. அந்த (எஸ்) 'ஸ்பேர்', அதாவது மாற்றுக்கு வைத்திருக்கும் உபரி டிஸ்க், என்பதன் சுருக்கம்தான், ஆனால் தொடங்காத ரெய்டில் எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும். உங்கள் டிஸ்க்குகள் ஸ்பேராக மாறிவிடவில்லை. இந்த இரண்டையும் பார்த்துப் பயந்துதான் பலரும் கிரியேட் பக்கம் ஓடுகிறார்கள்.

கிரியேட் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய சூப்பர்பிளாக்கின் மேல் புதியதை எழுதும். அதாவது, இருந்த ஒரே ஆதாரத்தை அழிக்கும். அப்புறம் ரெய்டு 5 என்றால், கடைசியாகக் கொடுத்த டிஸ்க்கைக் காலி என்று வைத்துக்கொண்டு மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அதை நிரப்பத் தொடங்கும் (இதற்குப் பெயர் ரீபில்டு). நீங்கள் கொடுத்த வரிசை, சங்க் அளவு, டேட்டா தொடங்கும் இடம் எல்லாம் பழையபடியே இருந்தால் தப்பித்தீர்கள். ஒன்று பிசகினாலும் கடைசி டிஸ்க்கில் போவது குப்பை. வரிசை பிசக நிறைய வாய்ப்பு உண்டு: புது ஓஎஸ்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்று டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள் பழையபடி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டேட்டா தொடங்கும் இடமும் எம்டிஆட்ம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பழைய ரெய்டுகளில் 2048ஆவது செக்டர் என்றிருக்கும், பிறகு வந்தவற்றில் 262144 என்றிருக்கும். ஒன்று 1 எம்பி, மற்றது 128 எம்பி.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். பல வருடம் முன்பு இதே நிலையில் நானே கிரியேட் கொடுத்தேன். "இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு ரெய்டில் இருப்பதுபோல் தெரிகிறது, தொடரவா?" என்று அது கேட்கத்தான் செய்தது. நான்கு வரி எச்சரிக்கையையும் படிக்காமல் ஒய் அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்துத்தான், ரீபில்டு ஓடுகிறதே, எதை வைத்து எதை எழுதுகிறது என்று உறைத்தது. நிறுத்தினேன். மிச்சம் மூன்று டிஸ்க்கில் டேட்டா பகுதி தொடப்படாமல் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் பழைய தொடக்க இடம் 2048 என்பதைக் கண்டுபிடிக்கவும், நான்கு டிஸ்க்கை அடுக்கக்கூடிய 24 வரிசைகளில் எது சரி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும் இரண்டு இரவு போயிற்று. படிக்க மட்டும் செய்யும் ஒரு கட்டளை அரை நிமிடத்தில் சொல்லியிருக்கும் விஷயம் அது.

அந்தக் கட்டளையிலிருந்து தொடங்குவோம். எம்டிஆட்மை எக்ஸாமின் ஆப்ஷனோடு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் (பார்ட்டிஷனில் ரெய்டு போட்டிருந்தால் அந்தப் பார்ட்டிஷனுக்கு) ஓட்டுங்கள். இது எதையும் எழுதாது. வருவதை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து, அந்த ஃபைலை இந்த மெஷினுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். இனி என்ன தவறு செய்தாலும் திரும்பிவர இதுதான் வழி. எந்த டிஸ்க் எது என்று தெரிய, டிஸ்க்கின் விவரம் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கொண்டு சீரியல் எண்ணையும் எடுத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாமின் தருவதில் முதலில் பார்க்க வேண்டியது அர்ரே யூயூஐடி (ரெய்டின் தனி அடையாள எண்), நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று. அடுத்து டிவைஸ் ரோல் (ரெய்டில் அந்த டிஸ்க்கின் இடம்): ஆக்டிவ் டிவைஸ் 0, 1, 2, 3. கடைசியாக ஈவென்ட்ஸ். விஷயமே இந்த ஈவென்ட்ஸில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரெய்டில் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் ஏறும், எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்து ஏறும். ஒரு டிஸ்க் விலகிவிட்டால் அதில் மட்டும் எண் நின்றுவிடும். ஆக, எண் பின்தங்கிய டிஸ்க் எப்போது கூட்டத்தை விட்டுப் போனது என்பதை இந்த எண்ணும், பக்கத்தில் இருக்கும் அப்டேட் டைமும் சேர்ந்து சொல்லிவிடும். உதாரணத்துக்கு உங்கள் நான்கு டிஸ்க்கில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ரோல் 0க்கு 48213, ரோல் 1க்கு 31077, ரோல் 2க்கு 48213, ரோல் 3க்கு 48209. அப்டேட் டைம் மூன்றில் அதே நாள், அதே நிமிடம். ரோல் 1இல் மட்டும் ஏழு மாதம் முந்தைய தேதி.

இந்த நான்கு எண்ணில் முழுக் கதையும் இருக்கிறது. ரோல் 3, பவரைப் பிடுங்கிய நொடியில் கடைசிச் சில பதிவுகளைத் தவறவிட்டிருக்கிறது. நான்கு எண் வித்தியாசம் பொருட்படுத்த வேண்டாதது. ரோல் 1 அப்படியல்ல. அது ஏழு மாதம் முன்பே ரெய்டிலிருந்து விழுந்துவிட்டது. யாரும் கவனிக்காததால் ரெய்டு இத்தனை நாளும் மூன்று காலில் நடந்திருக்கிறது. ஓஎஸ் மாற்றியது எதையும் உடைக்கவில்லை, ஏற்கெனவே உடைந்திருந்ததை வெளியே காட்டியது, அவ்வளவே. இப்போது ஏன் தானாகத் தொடங்கவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது: எம்டிஆட்ம் பார்வையில் ஒத்துப்போகும் டிஸ்க் இரண்டுதான் இருக்கிறது, ரெய்டு 5க்கு மூன்று வேண்டும்.

உங்கள் மெஷினில் இதே எண்கள் இருக்காது, ஆனால் இந்த மாதிரிதான் இருக்கும் என்பது என் ஊகம். நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட 'ரீஇன்ஸ்டாலுக்குப் பிறகு ரெய்டு போச்சு' கதைகளில், உள்ளே இப்படி ஒரு பழைய டிஸ்க் ஒளிந்திருந்தது.

அந்தப் பழைய டிஸ்க்கை ரெய்டில் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே உயிர்நாடி. அதில் இருப்பது ஏழு மாதம் முந்தைய டேட்டா. புதிய மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு இதைச் சேர்த்துத் தொடங்கினால், பாதி இன்றைய நிலை, பாதி அன்றைய நிலை என்று கலந்துவரும். அதன் மேல் ஃபைல் சிஸ்டம் 'ரிப்பேர்' ஓட்டினால் எல்லாம் முடிந்தது.

கை வைக்கும் முன் டிஸ்க்குகளின் உடல்நிலையையும் பாருங்கள். ஸ்மார்ட் அட்டவணையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் பட்டியல், ஸ்மார்ட்சிடிஎல் காட்டும்) 5 (மாற்றிவைத்த செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்), 198 (சோதனையில் திருத்த முடியாத செக்டர்கள்) ஆகிய மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இல்லை, சாட்டா கேபிளைத்தான் மாற்ற வேண்டும். 197 பூஜ்யமாக இல்லாத டிஸ்க் நமக்கு வேண்டிய மூன்றில் ஒன்றாக இருந்தால், முதலில் அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்க் ஒன்றுக்கு டிடிரெஸ்க்யூ கொண்டு குளோன் எடுங்கள். மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். குளோன் முடிந்ததும் அசலைக் கழற்றி வெளியே வையுங்கள். இரண்டும் ஒரே யூயூஐடியோடு மெஷினில் இருந்தால் எம்டிஆட்ம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

இனி ரெய்டை எழுப்பலாம். முதலில் அந்த அரைகுறை எம்டி127ஐ எம்டிஆட்ம் ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் டிஸ்க்குகளை அது பிடித்துவைத்திருக்கும், எதைக் கேட்டாலும் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றுதான் வரும். தொடங்காத ரெய்டை நிறுத்துவதால் எதுவும் அழியாது.

அடுத்த படி விருப்பம் என்பார்கள் சிலர். நான் கட்டாயம் என்பேன்: ஓவர்லே போடுவது. மூன்று டிஸ்க்கையும் பிளாக்டெவ் கொண்டு ரீட்-ஒன்லி ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்டியில் ஒரு ஸ்பார்ஸ் ஃபைல் (எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும் ஃபைல்) உருவாக்கி, அதை லூப் டிவைஸாக்கி (ஃபைலை டிஸ்க் போலக் காட்டுவது), டிஎம்செட்அப்பின் ஸ்னாப்ஷாட் வசதியால் டிஸ்க்கின் மேல் விரித்துவிடுவது. டிஸ்க்கின் மேல் கண்ணாடித் தாள் வைத்து அதன் மேல் எழுதுவது போல. படிப்பது அசலிலிருந்து வரும், எழுதுவது எல்லாம் அந்த ஃபைலுக்குப் போகும். சொதப்பினால் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அசலில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. ஏற்பாடு செய்ய அரை மணி நேரம் ஆகும். நான் அன்று 24 வரிசைகளைப் பயமில்லாமல் முயன்றது இதன் தயவில்தான்.

ஓவர்லேயின் மேல், எம்டிஆட்ம் அசெம்பிள் கொடுங்கள். ஸ்கேன் ஆப்ஷன் வேண்டாம். நம் உதாரணத்தில் ரோல் 0, 2, 3 ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கொடுங்கள், பழைய ரோல் 1ஐ விட்டுவிடுங்கள். வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், அசெம்பிள் சூப்பர்பிளாக்கைப் படித்துத் தானே அடுக்கிக்கொள்ளும். முதல் முறை ஃபோர்ஸ் இல்லாமல் முயன்று பாருங்கள். இரண்டு டிஸ்க் போதாது என்று மறுக்கும். அப்புறம் ஃபோர்ஸ் சேர்த்துக் கொடுத்தால், 48209ஐ 48213 ஆக்கிவிட்டுத் தொடங்கும். ஃபோர்ஸ் என்ற சொல்லே பயமுறுத்தும், ஆனால் அசெம்பிளோடு வரும் ஃபோர்ஸ் முக்கியமாகச் செய்வது இந்த எண்ணைச் சரிக்கட்டும் வேலைதான். வித்தியாசம் நான்கு, பத்து என்றிருக்கும்போது அது நியாயமான வேலை. ஆயிரக்கணக்கில் என்றால் கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

ரெய்டின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட்டைப் (/proc/mdstat) பாருங்கள். [4/3] என்றும் [யூ_யூயூ] என்றும் வந்திருக்க வேண்டும். நான்கில் மூன்று உள்ளே, இரண்டாவது இடம் காலி.

ரெய்டின் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) இருந்தால் விஜிசேஞ்ச் கொடுத்து எழுப்புங்கள். அதுவும் தன் விவரத்தை ரெய்டின் மேலேயே வைத்திருக்கும். லக்ஸ் என்கிரிப்ஷன் போட்டு, கீ ஃபைலைப் பழைய எஸ்எஸ்டியில் வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் பாஸ்வேர்டு ஏதாவது சேர்த்திருந்தீர்களா என்று இப்போதே நினைவுபடுத்திப் பாருங்கள். ரீஇன்ஸ்டாலால் உண்மையாகவே தொலையக்கூடிய ஒரு பொருள் அந்தக் கீ ஃபைல். அதை எம்டிஆட்ம் கொண்டு மீட்க முடியாது.

ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யும்போது வெறும் ரீட்-ஒன்லி போதாது. எக்ஸ்ட்4 ரீட்-ஒன்லியில்கூட ஜர்னலை (பாதியில் நின்ற பதிவுகளின் குறிப்பேடு) ஓட்டிப் பார்க்கும், அதாவது எழுதும். ஆர்ஓவோடு (ரீட்-ஒன்லி ஆப்ஷன்) நோலோட் சேருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோரெகவரி. முதலில் சோதிக்க வேண்டுமானால் எஃப்எஸ்சிகே-யை (fsck) '-n' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், அது திருத்தாமல் குறையை மட்டும் சொல்லும். பத்தாயிரம் பிழை கொட்டினால் ரிப்பேர் செய்ய வேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏதோ ஒரு டிஸ்க் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மவுண்ட் ஆகிவிட்டது, ஃபோல்டர்கள் தெரிகின்றன, ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் திறக்கிறது என்று கொண்டாடக் கூடாது. சங்க் அளவு வழக்கமாக 512 கேபி. அதைவிடச் சிறிய ஃபைல் முழுக்க ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கலாம். மற்ற டிஸ்க்குகள் இடம் மாறியிருந்தாலும் அது ஒழுங்காகத் திறக்கும். நான்கைந்து எம்பிக்கு மேற்பட்ட படங்கள், பெரிய ஜிப் ஃபைல்கள், வீடியோக்களைத் திறந்து பாருங்கள். படம் மேல் பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகவும் வந்தால் வரிசை தவறு. அசெம்பிளில் இது வராது, கிரியேட் செய்தவர்களுக்குத்தான் வரும். இருந்தாலும் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் முதல் வேலை, முக்கியமானதை வெளியே நகலெடுப்பது. ரீபில்டு அப்புறம். இப்போது ரெய்டுக்கு உபரி டிஸ்க் இல்லை, இன்னொன்று போனால் எல்லாம் போகும். ரீபில்டு மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்கும். 4 டிபிக்கு விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம். வயதான டிஸ்க்கை மூச்சுவிடாமல் அவ்வளவு நேரம் ஓட்டும் முன் டேட்டா இன்னோரிடத்தில் இருக்கட்டும். நகல் முடிந்ததும் ஓவர்லேயைக் கழற்றி, டிஸ்க்குகளின் ரீட்-ஒன்லியையும் எடுத்துவிட்டு, அசல் டிஸ்க்குகளின் மேல் அதே அசெம்பிளைச் செய்யுங்கள். பிறகு புது டிஸ்க்கைச் சேருங்கள்.

பழைய ரோல் 1 டிஸ்க்கையே சேர்க்கலாமா என்றால், அது ஏன் விலகியது என்று தெரிந்தால் சேர்க்கலாம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் படிக்க முடியாத செக்டர் ஒன்றில் மாட்டினால் ஒரு நிமிடத்துக்கும் மேலே முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கை ரீசெட் செய்யும், ரெய்டும் அதை வெளியே தள்ளிவிடும். டிஸ்க் ஆதரித்தால் ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடிஇஆர்சி மதிப்பை 70 என்று வையுங்கள், அதாவது 7 விநாடியில் டிஸ்க் முயற்சியைக் கைவிடும். ஆதரிக்காவிட்டால் லினக்ஸ் பக்கத்தில் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள். இரண்டும் ரீபூட்டில் மறந்துபோகும் என்பதால் தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டில் போட வேண்டும். சேர்க்கும் முன் அந்த டிஸ்க்கின் பழைய சூப்பர்பிளாக்கை ஜீரோ-சூப்பர்பிளாக் கொடுத்து அழியுங்கள். இந்தக் கட்டளையைத் தட்டும்போது சீரியல் எண்ணை இரண்டு முறை பாருங்கள்.

ஒருவேளை எக்ஸாமின் கொடுத்ததும் 'சூப்பர்பிளாக் இல்லை' என்று வந்தால்? முதல் சந்தேகம், தவறான இடத்தில் கேட்டிருக்கலாம்: பார்ட்டிஷனைக் கேட்பதற்குப் பதில் முழு டிஸ்க்கைக் கேட்டிருப்பீர்கள். அது இல்லையென்றால், பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையும் ரெய்டுக்குக் கொடுத்திருந்தீர்களா? 1.2 வகைச் சூப்பர்பிளாக் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை முதல் 17 கேபியைப் பிடிக்கும். இன்ஸ்டாலரில் அந்த டிஸ்க்கைத் தவறித் தொட்டு அட்டவணை எழுத வைத்தாலே சூப்பர்பிளாக் காலி. இதைவிட வேடிக்கை, சில மதர்போர்டுகளின் யூஇஎஃப்ஐ (மெஷின் எழும்போது முதலில் ஓடும் உள் மென்பொருள்), டிஸ்க்கின் கடைசியில் மிச்சமிருக்கும் பழைய ஜிபிடி நகலைக் கண்டால் 'ஐயோ, முன்பக்கம் கெட்டுவிட்டதே' என்று தானே திருத்தி எழுதிவிடும். நீங்கள் எதையும் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஒரு டிஸ்க்கில் மட்டும் இப்படி ஆகி, மற்ற மூன்றும் நடப்பு நிலையில் இருந்தால், அதைச் செத்ததாக வைத்துக்கொண்டு மூன்றை அசெம்பிள் செய்தால் போதும். நான்கிலுமோ, வேண்டிய மூன்றில் ஒன்றிலோ ஆகியிருந்தால்தான் கிரியேட்டுக்கு இடமே வருகிறது. அதுவும் ஓவர்லேயின் மேல் மட்டும், அஸ்யூம்-கிளீன் (ரீபில்டைத் தடுக்கும் ஆப்ஷன்) சேர்த்து, லெவல், சங்க், லேஅவுட், டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்), மெட்டாடேட்டா பதிப்பு (சூப்பர்பிளாக் வகை) ஐந்தையும் கையால் கொடுத்து, சந்தேகமான டிஸ்க்கின் இடத்தில் 'மிஸ்ஸிங்' என்று எழுதி. மிஞ்சிய ஒரு டிஸ்க்கின் எக்ஸாமின் இருந்தாலே இந்த எண்களெல்லாம் கிடைத்துவிடும், வரிசையை மட்டும் முயன்று பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு வகை ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட்எஃப்எஸ் என்றால் இசட்பூல் இம்போர்ட். வேறு மெஷின் பயன்படுத்தியது என்று மறுத்தால் எஃப் சேர்த்தால் போதும். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு டிவைஸ் ஸ்கேன். தனி ரெய்டு கார்டு என்றால் அதன் மெனுவில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று வரும். இம்போர்ட் கொடுங்கள், பக்கத்திலேயே இருக்கும் கிளியரைத் தொடாதீர்கள். மதர்போர்டு ரெய்டில் பயாஸ் ரீசெட் ஆகி, ரெய்டு இல்லாத ஏஹெச்சிஐ முறைக்கு மாறியிருந்தால் டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியும். விண்டோஸ் 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பயாஸில் மறுபடி ரெய்டு முறைக்கு மாற்றுங்கள்.

கடைசியில் பெயர்ப்பலகையை மாட்டுவோம். எம்டிஆட்ம் டீடெய்ல் ஸ்கேன் தரும் வரியை கான்ஃபிக் ஃபைலில் சேர்த்து, பெயரை எம்டி0 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பூட்டில் முதலில் ஏறும் சிறு படிமத்திலும் இது சேர, டெபியன் வழி வந்தவற்றில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட்ஹேட் வழி வந்தவற்றில் டிராகட் ஓட்டுங்கள். இதை விட்டால் அடுத்த பூட்டில் மறுபடி எம்டி127தான். எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) டிவைஸ் பெயருக்குப் பதில் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைப் போட்டு, நோஃபெயிலும் சேருங்கள். ரெய்டு வராத நாளிலும் மெஷின் பூட் ஆகும்.

அதே கான்ஃபிக் ஃபைலில் மெயில்அட்ரஸ் என்று ஒரு வரி உண்டு. டெபியனில் அது ரூட் என்றிருக்கும், அந்த மெயிலை யாரும் திறப்பதில்லை. நம் உதாரணத்தில்போல் ரோல் 1 ஏழு மாதம் முன்பு விழுந்திருந்தால், அப்போது போன கடிதம் செத்துப்போன எஸ்எஸ்டிக்குள் அப்படித்தான் கிடந்திருக்கும். நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியை அதில் எழுதி, மானிட்டர், டெஸ்ட் ஆப்ஷன்களோடு எம்டிஆட்மை ஒருமுறை ஓட்டி, மெயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடியை மாட்டுங்கள்.